ஆற்றில் இறங்க யாரைக் கேட்க வேண்டும்?

(மலேசியாவில் கிள்ளானை அடுத்த பண்டமாரானில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆற்றில் தங்கம் அரிப்பது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர் ஒருவர், “ஐயா, பண்டமாரானில் தங்கமா?” என்று சிரித்தார். சிரிக்க வேண்டிய கேள்விதான். நம் காலடியில் இருப்பது கடல் கொண்டுவந்து சேர்த்த களிமண். எவ்வளவு தோண்டினாலும் சேறுதான் வரும். இங்கிருந்து மிக அருகில் தங்கம் கிடைக்கும் இடம் கிள்ளான் தெங்கு கிளானா சாலை நகைக்கடைகள். அங்கே நுழைய அனுமதி வேண்டாம், பணம்தான் வேண்டும்.

ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. வாரக் கடைசியில் மலையேறப் போகிறவர்கள், நான்கு சக்கர வண்டியில் காட்டுப் பாதை சுற்றுகிறவர்கள், அவர்களில் சிலர் இப்போது இணையத்தில் பிளாஸ்டிக் டூலாங், அதாவது மணல் அரிக்கும் தட்டு, வாங்கி வைத்திருக்கிறார்கள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியும் சிலரிடம் உண்டு. ரவூப், குவாலா லிப்பிஸ் பக்கம் ஏதாவது ஓர் ஓடையில் உட்கார்ந்து மணலை அரித்துப் பார்க்க ஆசை. விற்றுப் பணக்காரனாகும் எண்ணம் இல்லை. ஒரு சின்னக் குப்பியில் நாலு பொடி மின்னினால் போதும். நான் நில அலுவலகத்து முகப்பில் பல ஆண்டு உட்கார்ந்தவன் என்று தெரிந்து, என்னிடம் வந்து கேட்கிறார்கள்: “அங்கிள், ஆறு எல்லாருக்கும் பொதுதானே? இறங்கினால் என்ன?”

இந்தச் சொற்பொழிவு அந்தக் கேள்விக்குப் பதில்.

முதலில் தங்கம் எங்கே என்று பார்த்துவிடலாம். தீபகற்பத்தின் நடுவில், கிளந்தானின் சொக்கோரிலிருந்து பகாங்கின் லிப்பிஸ், ரவூப் வழியாகத் தெற்கே குனோங் லேடாங் வரை ஒரு தங்கப் பட்டை ஓடுகிறது. லேடாங் மலைக்கு வெள்ளைக்காரன் ‘ஓஃபிர்’ என்று பெயர் வைத்ததே அந்த ஆசையில்தான். கிரேக்கத் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் இந்தத் தீபகற்பத்தையே பொன் தீபகற்பம் என்று எழுதினான். கிளந்தான் குவா மூசாங் அருகே புலாயில் ஹக்கா சீனர்கள் ஆங்கிலேயருக்கு முன்பே தங்கம் அரித்தார்கள். 1889இல் வில்லியம் பிபி என்ற ஆஸ்திரேலியர் ரவூப்பில் சுரங்கக் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கும் லிப்பிஸ் வட்டாரத்தில் பென்ஜோம், செலின்சிங் என்று பெரிய சுரங்கங்கள் உண்டு. ஆகவே தம்பிகள் குருட்டாம்போக்கில் ஆசைப்படவில்லை.

அரிக்கும் முறையும் எளிது. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19 மடங்குக்கு மேல். சாதாரண மணல் மூன்று மடங்குகூட இல்லை. அரிசியில் கல் அரிப்பது போல டூலாங்கைச் சுழற்றினால் மணல் விளிம்பு வழியே போய்விடும், கனமானது அடியில் தங்கிவிடும். கடைசியில் கறுப்பு மணல் மிஞ்சும். அதற்குள்தான் பொன் இருக்க வேண்டும். பாதரசத்தை மட்டும் யாரும் தொடாதீர்கள். அது பொன்னைப் பிடிக்கும். அப்புறம் ஆற்றையும் மீனையும் மனிதனையும் பிடித்துக்கொள்ளும்.

இனி சட்டம்.

மலேசியாவில் நிலமும் கனிமமும் மாநில விவகாரம். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் நிலம் இருக்கிறது. கனிமம் தேடும் உரிமமும் சுரங்கக் குத்தகையும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே ‘மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது’ என்று பொதுவாகக் கேட்பதில் பாதிப் பதில்தான் கிடைக்கும். சிலாங்கூருக்கு ஒரு கனிமச் சட்டம், பகாங்குக்கு ஒன்று, கிளந்தானுக்கு ஒன்று. சுரங்கம் எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கூட்டரசின் 1994ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. யாருக்கு, எந்த இடத்தில் என்பதை மாநிலம் முடிவு செய்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பு. அதன் 40ஆம் பிரிவை நம் ஆட்களில் பலர் படித்ததில்லை. படித்தால் தூக்கம் வராது. யாருக்கும் கொடுக்காத நிலம் முழுவதும் மாநிலத்துடையது. கூடவே, எந்த நிலத்துக்குள் கிடக்கும் கனிமமும், மாநிலம் தனியாக எழுதிக் கொடுக்காத வரை, மாநிலத்துடையது. உங்கள் கையில் இருக்கும் கிராண்ட் என்ற நிலப் பத்திரம், அதை வாங்க நீங்கள் இருபது வருடம் வங்கிக் கடன் கட்டியிருக்கலாம், அது உங்களுக்கு மேற்பரப்பைத் தருகிறது. அடியில் உள்ள உலோகத்தைத் தரவில்லை. 45ஆம் பிரிவு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது: சொந்த நிலத்துக் கல்லையும் மண்ணையும் அந்த எல்லைக்குள் புரட்டிக்கொள்ளலாம், அனுமதி இல்லாமல் எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியாது, உலோகத்தை எடுக்கவே முடியாது.

இதனால் என்ன ஆகிறது? ரவூப்பில் ஒரு தோட்டக்காரர் நல்ல மனிதர், “வாப்பா, என் நிலத்து ஓடையில் உட்கார்ந்து அரி” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தந்தது நுழையும் அனுமதி. எடுக்கும் அனுமதி அவரிடம் இல்லவே இல்லை; இல்லாததை அவர் எப்படித் தருவார்? என்னிடம் வந்த தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். மாறாகவும் நடக்கும். கனிம உரிமம் கையில் இருக்கும், நிலக்காரர் உள்ளே விடமாட்டார். இரண்டும் இருந்தால்தான் டூலாங் நனையலாம்.

அரசு நிலமாக இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு அதே சட்டத்தொகுப்பின் 425ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதியின்றி அரசு நிலத்தைப் பிடித்து வைத்திருந்தாலோ உழுதாலோ குற்றம். 2016 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 5 ஆண்டு வரை. கல், மண் எடுப்பதற்கு அடுத்த பிரிவு. ஒரு நாள் ஓடையில் உட்கார்ந்தவன் மீது இவ்வளவு பெரிய சட்டத்தைப் பாய்ச்சுவார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். ஆனால் பகாங்கிலும் கிளந்தானிலும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களைத் தேடிப் போலீசின் பொது நடவடிக்கைப் படை காட்டுக்குள் இறங்குகிறது. அந்த நேரத்தில் ஓடையில் தட்டோடு நிற்பவன் பொழுதுபோக்குக்காரனா, கும்பலின் ஆளா என்று நெற்றியில் எழுதியிருக்காது.

பிறகு காடு. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் காலெடுத்து வைப்பதே குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. மலையேறுகிற பிள்ளைகளுக்கு இது தெரியும், சிலாங்கூர்க் குன்றுகளுக்கே சீட்டு வாங்கித்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, அந்தச் சீட்டு நடப்பதற்கு மட்டும் என்பது. காப்புக் காட்டிலிருந்து எடுக்கும் ஆற்று மணலையும் மேல்மண்ணையும்கூட அந்தச் சட்டம் வன விளைபொருள் என்றே கணக்கில் வைக்கிறது. டூலாங்கை விட்டுவிடுங்கள், ஒரு பை மணலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆற அமர அரிக்கலாம் என்று நினைப்பதே ஆபத்து.

உலோகக் கருவிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரையில் பழைய காசோ சிலையோ கிடைத்தால் அது கனிமச் சட்டத்தில் வராது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தில் வரும், தெரிவிக்க வேண்டும். பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது.

இத்தனையும் சொன்னதும் ஒரு தம்பி, “அப்படியென்றால் ஏழைக்கும் சின்ன ஆளுக்கும் எதுவுமே இல்லையா அங்கிள், எல்லாம் கம்பெனிக்குத்தானா?” என்றார். நல்ல கேள்வி. மாநிலக் கனிமச் சட்டங்களின் பெரிய உரிமங்களைப் பாருங்கள்: தேடும் உரிமம், ஆய்வு உரிமம், நில உரிமையாளர் சுரங்க உரிமம், சுரங்கக் குத்தகை. வரைபடம், முதலீடு, வேலைத் திட்டம் எல்லாம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைக்காரனை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல.

ஆனால் இந்த நாட்டில் சின்ன ஆளுக்கு ஒரு காலத்தில் தாள் இருந்தது. டூலாங் பாஸ். ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், என்றால் நமக்கு மண் தோண்டும் கப்பலும் பலகைப் பாலமும் முதலாளியும்தான் நினைவுக்கு வரும். அந்த லம்பங்களின் கழிவு ஓடைகளில், இடுப்பளவுத் தண்ணீரில், மரத்தட்டோடு நின்றவர்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள், அவர்களிலும் ஹக்காப் பெண்கள் அதிகம். கிந்தா பள்ளத்தாக்கில் இதைக் காணாத ஊர் இல்லை. ஆங்கிலேய நிர்வாகம் இவர்களுக்குத் தனித்தனியாகப் பாஸ் கொடுத்தது. கருவி, ஒரு தட்டு. ஆள், ஒருத்தி. ஈயத்தை உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் விற்க வேண்டும். 1930களில் உலக ஈய உற்பத்தியைக் கட்டுப்படுத்தியபோது கம்பெனிகளோடு சேர்த்து இவர்களையும் கட்டுப்படுத்தினார்கள். வெள்ளைக்காரன் கருணையால் கொடுத்தான் என்று நான் சொல்லவரவில்லை. தடுக்க முடியாததைக் கணக்கில் கொண்டுவருவது அவனுக்கு லாபம். இருந்தாலும் அந்தப் பாஸ் ஒரு பெரிய விஷயத்தை ஒத்துக்கொண்டது: தட்டோடு நிற்பவளும் இயந்திரத்தோடு வருபவனும் ஒன்றல்ல. இன்றைக்கு நாம் மறந்துபோனது இதைத்தான்.

இதே விஷயத்துக்காக ஆஸ்திரேலியாவில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் அரசு மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் போட்டது. பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். போலீஸ்காரர்கள் குதிரையில் வந்து சீட்டைக் காட்டச் சொல்லி விரட்டினார்கள். கட்டணத்தைப் பிறகு கொஞ்சம் குறைத்தும் கோபம் அடங்கவில்லை. 1854 டிசம்பர் 3 அன்று பல்லராட்டில், யுரேகா என்ற இடத்தில், தோண்டுகிறவர்கள் கட்டிய மர அரணைப் படை தாக்கியது; இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஆண்டே மாத உரிமம் போனது. வருடத்துக்கு ஒரு பவுனுக்கு ‘மைனர்ஸ் ரைட்’ என்ற சீட்டு வந்தது, அதை வைத்திருந்தவனுக்கு ஓட்டுரிமையும் கிடைத்தது.

அந்தச் சீட்டு அதே பெயரில் விக்டோரியாவில் இன்றும் இருக்கிறது. பத்து ஆண்டு செல்லும். மெல்பர்னில் குடியேறிய நம் உறவுகள் சிலர்கூட வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அரசு நிலத்தில் கையால் தோண்டலாம், அரிக்கலாம், கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் கூடாது. தோண்டிய குழியை மூட வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் இடமில்லை. தனியார் நிலத்தில் உடையவர் சம்மதம் வேண்டும். பூர்வகுடிகளின் மரபிடங்களைத் தொடக்கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மாதிரிக் கல்லாக 20 கிலோ வரை எடுக்கலாம் என்று எடையே போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சாமானியன் ஒரு பக்கத்தில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விதிகள். நமக்கு இல்லாதது சட்டம் அல்ல. அந்த ஒரு பக்கம்.

ஒரு பக்கமும் இல்லாமல், நிலம் யாருடையது என்பதும் முடிவாகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு நீலகிரியைப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூர். 1879இல் விக்டோரியாவிலிருந்தே ப்ரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து ஆராய்ந்தார்கள். அவர் அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது. சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. குகைகள் மட்டும் மலைக்குள் மிஞ்சின. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அந்த ஓடைகளில் குறும்பர்கள் பொன் அரித்தவர்கள். அவர்களை யாரும் பங்குதாரராகச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கு அந்தப் பழைய குகைகளுக்குள் ராத்திரியில் இறங்கிப் பாறையை வெட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. வனத்துறையும் போலீசும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் பரம்பரை உரிமையாய் இருந்த ஜன்ம நிலங்களை அரசு எடுக்க 1969இல் சட்டம் வந்தது. வழக்கு தலைமுறை கடந்தும் ஓடுகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட நம் மக்களில் பலரும் அங்கே குடியேறினார்கள். அங்கே பொன் தேடுவது பொழுதுபோக்கு இல்லை, வயிற்றுப்பாடு. அனுமதி கொடுக்க ஆளில்லாத இடத்தில் எல்லாமே திருட்டு ஆகிவிடுகிறது.

வேலிக்குள் நுழைய யாரைக் கேட்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல; இந்த இடத்தில் நம் கிள்ளான் வரலாற்றுக்கு வருகிறேன். 1941இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய இழிவை நிறுத்துவது இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை: உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோகும் உரிமை. மே மாதம் நாதன் கைதானார், இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை இறங்கியது, ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

தோட்டத்துக் கேட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு, எந்த வேலியைக் கண்டாலும் துரையின் வேலி என்றே தோன்றும். நியாயம்தான். ஆனால் தங்கம் தேடிப் போகிற இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தோட்டத்து கேட், உள்ளே குடியிருந்தவனைப் பார்க்க அவன் தங்கையே வருவதைத் தடுத்தது. பகாங் காட்டில் ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடிகளின் கிராமத்து எல்லையில் நிற்கும் தடை, உள்ளே குடியிருப்பவனை வெளியாளிடமிருந்து காக்கிறது. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியது ஒன்றே: உள்ளே வாழ்கிறவன் என்ன சொல்கிறான்? 1941இல் அவன் திற என்றான். இன்றைக்கு அங்கே வாழ்கிறவன் வராதே என்று சொன்னால், அதைக் கேட்கும் கடமை மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

1954ஆம் ஆண்டுப் பூர்வக்குடியினர் சட்டம் வெளியாட்களை அவர்கள் பகுதிக்குள் நுழையாமல் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. ஆனால் நிலம் யாருடையது என்பதை அழுத்தமாகச் சொன்னது நீதிமன்றம்தான், அதுவும் நம் சிலாங்கூர் வழக்கில். கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995இல் டிங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் என்ற ஓராங் அஸ்லி மக்களின் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். சகோங் தாசி வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும், 2005இல் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் தலைமையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கிராண்ட் இல்லாவிட்டாலும் வழிவழியாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தன. நில அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுவரை எங்கள் கோப்புகளில் அந்த இடம் வெறும் அரசு நிலம். வரைபடம் பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு அது பெரிய அடி.

தண்ணீர் குடிக்கிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கோங் ஆற்றில் கலந்த கழிவால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குழாய் நின்றது. இந்த மண்டபத்தில் வாளி தூக்காத வீடு இருக்காது. ஒரு தட்டு அதைச் செய்யாது. ஆனால் ஒருவன் வந்த இடத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள், தட்டு இருந்த இடத்துக்குப் பம்பு வரும். ரவூப் புக்கிட் கோமான் மக்கள் தங்கம் பிரிக்கும் சயனைடு ஆலைக்கு எதிராக வருடக்கணக்கில் போராடியவர்கள். தங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கள் முகம் சுளித்தால் குற்றம் சொல்ல முடியாது.

என் கருத்து இதுதான். பகாங்கும் கிளந்தானும், ஆசைப்பட்டால் சிலாங்கூரும், ஆற்றின் சில துண்டுகளை அளந்து, கைத்தட்டுக்கு மட்டும் என்று அறிவிக்க வேண்டும். நியூசிலாந்தில் பொதுமக்கள் பொன் அரிக்க அப்படி ஒதுக்கிய பகுதிகள் இருக்கின்றன. அங்கே தனி உரிமமே தேவையில்லை. நாம் உரிமம் வைக்கலாம், சிறு கட்டணத்தில், விதிகள் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும். துண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பக்கத்து கிராமத்தின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் கிராமத்துக்கே போக வேண்டும். சம்மதம் இல்லையா, அந்தத் துண்டு வேண்டாம். பொழுதுபோக்கு என்பது மற்றவர் பிழைப்புக்கும் குடிநீருக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியது. இதைச் சொன்னால் தம்பிகளுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

அதுவரை அவர்கள் என்ன செய்வது? போக விரும்பும் ஓடை எந்த மாவட்டம், அரசு நிலமா, தனியார் நிலமா, காப்புக் காடா என்று முதலில் அந்த மாவட்ட நில அலுவலகத்தில் கேளுங்கள். கனிம உரிமம் பற்றி மாநில நில, கனிம அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் ரோந்துக்காரரிடம் செல்லாது. காப்புக் காடு என்றால் வன அலுவலகம். பக்கத்தில் ஓராங் அஸ்லி கிராமம் இருந்தால் அதன் தலைவரான பாத்தினை நேரில் போய்ப் பாருங்கள், டூலாங்கை வண்டியிலேயே விட்டுவிட்டு. இதில் எங்காவது ஒரு இடத்தில் ‘இல்லை’ என்று பதில் வந்தால், வேறு ஓடை தேடுங்கள்.

என் நேரம் முடிந்தது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். நிலவரி பாக்கி, கிராண்டில் பெயர் மாற்றம் பற்றிய கேள்விகளை மட்டும் தேநீர் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அவற்றுக்கு இன்னொரு சொற்பொழிவு வேண்டும்.